ரைன் நதியில் ஒரு கேத்தில் மல்லித்தண்ணி

1

ஒவ்வொரு புரட்டாதியும் அந்தக் கப்பல் கொம்பனி மறக்காமல் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறது. "அன்பான பயணியே, ரைன் நதியில் எங்களோடு கழித்த இனிய நாட்கள் நினைவிருக்கிறதா? மீண்டும் வாருங்கள்!" கீழே ஒரு படம். பொழுது சாய்கிற நேரம், வெள்ளைக் கப்பல், வைன் கிளாசோடு சிரிக்கிற ஒரு வயதான சோடி. இந்த முறையும் வந்தது. வேலைக்குப் போகிற வழியில், எஸ்-பாண் ரயிலில் நின்றுகொண்டு வாசித்தேன். பக்கத்திலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் நான் வாய்விட்டு ஏசியிருக்கிறேன் என்று தெரிந்தது.

நினைவில்லாமல் என்ன? அதை மறக்கத்தானே வழி தெரியவில்லை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உலகமே கதவைச் சாத்திக்கொண்டு இருந்த கொரோனா காலத்தில் உனக்கென்ன கப்பல் சவாரி, கொழுப்புத்தானே? லண்டனில் இருக்கும் என் தங்கச்சி மாலதியும் அதையேதான் கேட்டாள். "அக்கா, உனக்கு விசரோ?" என்றாள். கொழுப்புமில்லை, விசருமில்லை. நான் கப்பலேறியதற்குக் காரணம் எங்கள் கெமைண்ட. கெமைண்ட என்றால் இங்கே ஊர்ச்சபை. எந்த ஊர் என்று எழுத மாட்டேன். இன்னமும் அந்த ஊரில்தான் குப்பை போடுகிறேன். அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்கு ரயிலில் போய்வரக்கூடிய தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவர், அதாவது என் வீட்டுக்காரர், சூக் நகரில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. மகள் அபி பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே தனக்கும் அவளுக்கும் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். நான் மட்டும் மிச்சம். அப்போது பின்னேரங்களில் ஒரு கந்தோர் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜெர்மன் வகுப்பும் பின்னேரத்தில்தான். இரண்டில் எது சோறு போடும் என்று யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. பிறகு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நிரந்தர வேலை கிடைத்தது, வகுப்புக்கும் போய்ச் சோதனையும் பாஸ் பண்ணினேன்.

சி பெர்மிட் இருக்கிறது, சாகுமட்டும் இங்கே இருக்கலாம். ஆனால் கையிலிருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். அதை வைத்துக்கொண்டு லண்டன் போக விசா வேண்டும். கேட்டேன், தரவில்லை. மறுபடி கேட்டேன், மறுபடியும் தரவில்லை. மாலதியின் புருஷன் பாரிசவாதம் வந்து பல வருஷமாகப் படுக்கையில் இருந்தார். அவளால் அவரை விட்டுவிட்டு வர முடியாது, என்னால் விசா இல்லாமல் போக முடியாது. நாங்கள் இரண்டு பேரும் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டது கொழும்பு விமான நிலையத்தில். அப்போது இரண்டு பேருக்கும் கலியாணம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தச் சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட் எனக்கு வேண்டியிருந்தது தங்கச்சியைப் பார்க்க. வேறு ஒரு பெருமைக்கும் இல்லை.

2

குடியுரிமைக்கு முதலில் சம்மதிக்க வேண்டியது கெமைண்டதான். முதல் நேர்முகம் நடந்தது கொரோனாவுக்கு முந்தின மார்கழியில். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஆறுகளின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். மலைகளைக் கேட்டார்கள், சொன்னேன். பழைய கடதாசி எந்தக் கிழமை எடுப்பார்கள் என்று கேட்டார்கள். அது அவர்களை விட எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு நடுவிலிருந்த பெண் கேட்டார்: "உங்கள் கட்டடத்தில் அயலவர்களோடு எப்படி?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை வருஷம் வாழ்ந்தேன்! "நாங்கள் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை" என்றேன். "ஒரு முறைப்பாடும் இல்லை. சத்தமில்லை. விருந்தாளி வந்தாலும் பத்து மணிக்கு முதல் அனுப்பிவிடுவோம். கறி தாளிக்கும்போது யன்னலைச் சாத்தி, வாசல் கதவின் அடியில் துவாயைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் தாளிப்பேன்." அந்தத் துவாய்க் கதையையும் நானே வலியச் சொன்னேன். நாங்கள் குடிவந்த புதிதில் மேல்மாடி மனுஷி ஒரு தடவை வீட்டு விதிகளை எங்கள் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

அந்தப் பெண் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். எனக்குப் புள்ளி போடுகிறார் என்று நினைத்தேன்.

தை மாதம் பதில் வந்தது. மொழி போதும், அறிவு போதும், உள்ளூர் மக்களோடு தொடர்பு போதாதாம். ஆகவே ஒத்திவைக்கிறார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? யுத்த நேரம் ஊரில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம் நாங்கள். ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம், நடுவில் சீலை கட்டி மறைப்பு. அம்மா கருவாடு பொரிப்பதென்றால் எல்லோரும் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கட்டடத்தின் பின்னால் போய்ப் பொரிப்பா. "ஒருத்தருக்கும் எங்களாலை கரைச்சல் இருக்கக் கூடாது" என்பதுதான் எங்களுக்கு அவ சொல்லித்தந்த ஒரே ஒழுக்கம். அகதி முகாமிலும் அதுதான், வாடகை வீட்டிலும் அதுதான். அதைத் தூக்கி நான் மேசையில் வைக்கிறேன், இவர்கள் அதையே குற்றமாக எழுதுகிறார்கள்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் கொரோனா வந்துவிட்டது. தலைநகர் பேர்ணிலிருந்து அரசாங்கம் சொல்கிறது: ஒருவரையும் கிட்ட விடாதே, கை கொடுக்காதே, இரண்டு மீற்றர் தள்ளி நில். கெமைண்ட சொல்கிறது: மக்களோடு பழகு. அடுத்த நேர்முகம் புரட்டாதிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை என்று திகதியும் வந்தது. நான் போன் பண்ணிக் கெமைண்ட உத்தியோகத்தரைக் கேட்டேன், இரண்டு மீற்றர் தள்ளி நின்றுகொண்டு எப்படி ஐயா பழகுவது என்று. "அது உங்கள் பொறுப்பு" என்றான். இந்த நாட்டில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அது உங்கள் பொறுப்பாகிவிடும்.

3

கப்பல் அபியின் மூளையில் உதித்தது. அவள் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை, எதற்கும் ஒரு தீர்வு வைத்திருப்பாள். ஆடி மாதம் ஒரு ஞாயிறு சாப்பிட வந்தவள், டெலிபோனைத் திருப்பிக் காட்டினாள்.

"பாசல்லை ஏறி ஜெர்மனியிலை கேல்ன் மட்டும் போய்த் திரும்பி வாறது. ஒரு கிழமை. எல்லாம் சுவிஸ் ஆக்கள்தான் அம்மா, எல்லாரும் ஓய்வெடுத்த ஆக்கள். ஒரே கப்பலுக்குள்ளை. எங்கை ஓடப் போகினம்? உங்களோடை கதைச்சுத்தானே ஆகோணும்."

"கொரோனா நேரத்திலை கப்பலோ? உனக்கு என்ன நடந்தது?" என்றார் இவர்.

"அப்பா, அவையிட்டை ஷுட்ஸ்கொன்செப்ட் இருக்கு."

பாதுகாப்புத் திட்டம் என்று அர்த்தம். அந்த வருஷம் இந்த நாட்டில் கொரோனாவை விட வேகமாகப் பரவியது அந்தச் சொல்தான். சிகையலங்காரக் கடையில் இருந்தது, கோயிலில் இருந்தது, கப்பலில் இல்லாமல் போகுமா?

"நீயும் வாவன்" என்றேன்.

"நானோ? அங்கை எல்லாரும் கிழடுகள் அம்மா" என்றாள். அப்போ நாங்கள் யார் என்று கேட்கவில்லை. அவளுக்கு எங்களைப் பிடிக்காமலில்லை. நாங்கள் ஒரு கோப்பு, எங்களை ஒழுங்காக முடித்துக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். எத்தனை பேரோடு பழகினேன் என்று திரும்பி வந்து சொல்லவேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

அந்தப் பாதுகாப்புத் திட்டம் எப்படியென்றால், ஒவ்வொரு சோடிக்கும் தனி மேசை. மேசைக்கும் மேசைக்கும் நடுவில் கண்ணாடித் தட்டி. நடைபாதையில் அம்புக்குறி, போகிற பக்கம் ஒன்று, வருகிற பக்கம் ஒன்று. மேல்தட்டுக் கதிரைகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் உட்காராதே என்று சிவப்பு நாடா. மாஸ்க் போட்ட முகங்களில் யார் சிரிக்கிறார், யார் முறைக்கிறார் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுப் படிக்கட்டில்கூட இதை விடக் கூடுதலாக "குருட்சி", அதாவது வணக்கம், சொல்லுவார்கள்.

முதல் நாள் பின்னேரம் மேல்தட்டில் இவர் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறார். வெள்ளைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை. நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் வந்து, தன் வெறும் கிளாசை இவர் கையில் கொடுத்துவிட்டு, "இன்னொன்று, குளிராக" என்றார். இவரும் வாங்கிக்கொண்டு போய், பாரில் சொல்லி, நிரப்பி, கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கு உச்சியில் ஏறியது. "நீங்கள் என்ன, அவன்ரை வேலைக்காரனோ?"

"கை நீட்டினான், வாங்கிப் போட்டன். பழக்கம்" என்றார். பிறகு ஆறுதலாக, "அதுவும் ஒரு தொடர்புதானே, எழுதி வையும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் பூப்போட்ட சேர்ட்டைத்தான் போடவிட்டேன்.

4

இனி மல்லித்தண்ணி.

கொரோனா தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் காலையில் அதுதான். மல்லியை வறுத்து, வேர்க்கொம்பு, மிளகு, இரண்டு பல் உள்ளி தட்டிப் போட்டு அவித்து, சுடச்சுடக் குடிப்பது. கப்பலுக்கும் ஒரு பேணி நிறைய வறுத்துக் கொண்டுபோனேன், கேத்திலும் கொண்டுபோனேன். கேபினுக்குள் சமைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. இது சமையலா? மருந்து. அதோடு, வீட்டிலென்றால் துவாய் வைப்பேன். விடுமுறைக்கு வந்த இடத்திலுமா என்று ஒரு வீம்பும் இருந்தது.

இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தால் பக்கத்துக் கேபின் மனுஷி நிற்கிறார். எழுபத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உருவம், கம்பளிச் சட்டை, தனியாக வந்தவர். பெயர் ஃபிராவ் லூதி என்று கதவில் ஒட்டியிருந்தது. எமென்டால் பக்கத்துச் சுவிஸ் ஜெர்மனில் பேசினார். அதை என் காதில் விழுந்த தமிழிலேயே எழுதுகிறேன்.

"என்ன அவிக்கிறாய்? நடைபாதை முழுக்க நாறுது."

"மருந்து" என்றேன்.

"ஆருக்கு? குதிரைக்கோ?"

மூன்றாம் நாளும் நின்றார். "இண்டைக்கும் நாறுது. என்ரை சட்டையெல்லாம் நாறுது." நான்காம் நாள் சாப்பாட்டு அறையில், கண்ணாடித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"பேசாமல் விடும்" என்றார் இவர்.

பேசாமல்தானே விட்டேன் இத்தனை வருஷமும்? பேசாமல் விட்டதற்குத்தானே தொடர்பு போதாது என்று எழுதினார்கள்? ஐந்தாம் நாள் காலை, கேல்னைப் பார்த்துவிட்டுக் கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது, மல்லியை இரண்டு மடங்கு போட்டேன். உள்ளி ஒரு முழுப் பூடு. கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு அவித்தேன். எனக்கே கண் எரிந்தது. மனுஷி வாயைத் திறக்கட்டும், கொடுக்கிறேன் என்று ஜெர்மனில் நாலு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். வினைச்சொல் கடைசியில் வருகிற, இலக்கணம் பிசகாத வசனங்கள்.

லூதி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். கிட்ட வந்து, மாஸ்க்கை இறக்கி, மூக்கால் காற்றை இழுத்தார்.

"பார்த்தியா, இண்டைக்கு எவ்வளவு நல்லாயிருக்கு" என்றார். "நிப்பாட்டினதுக்கு நன்றி."

எனக்குப் பின்னால் கேத்தில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கிறது. பாடமாக்கிய நாலு வசனமும் வீணாய்ப் போயின.

5

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில் என்று சொன்னேன் அல்லவா. முதல் அலையில், மூன்றாம் மாடியில் சில பேர் சாப்பாட்டில் உப்பில்லை, ருசியில்லை என்று குசினியோடு சண்டை பிடித்தார்கள். வயது போனதுகள், நாக்குச் செத்துவிட்டது என்று எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நாளில் அவர்களுடைய உடுப்பு சலவைக்கு வருவது நின்றது. அங்கே ஒவ்வொரு உடுப்பிலும் பெயர் தைத்திருக்கும். அந்தப் பெயர்களைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பைகளில் கட்டியது நான்தான்.

கேபினுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். "இஞ்சருங்கோ, அந்த மனுஷிக்கு மணம் தெரியேல்லை."

"நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது? கொரோனா எல்லோ!"

இவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தார். "பெரிசாக் கதையாதையும்" என்றார். பிறகு மெல்ல: "இஞ்சை பாரும். நாளையிண்டைக்குப் பாசல். செவ்வாய்க்கிழமை உமக்கு இன்டர்வியூ. இப்ப வாயைத் திறந்தால் கப்பலை மறிச்சு எல்லாரையும் அடைச்சு வைப்பாங்கள். அவவுக்கு ஏலாட்டி அவவே சொல்லுவா. நாங்கள் ஏன் கரைச்சல் குடுப்பான்?"

அது என் அம்மாவின் வசனம். என் வசனம். இப்போது அவர் வாயிலிருந்து கேட்கிறேன். ஆனால் அவர் சொன்னதில் பிழை என்ன? இந்தத் திகதிக்காகத்தானே இந்தக் கண்டறியாத கப்பலில் ஏறினேன். மாலதியிடம் வேறு, "பொறு, வந்திடும்" என்று சொல்லி வைத்திருந்தேன். பேசாமல் இருப்பது என்று முடிவெடுத்தேன். மத்தியானம் சாப்பிடப் போனேன். லூதியின் மேசை வெறுமையாக இருந்தது. சூப் வந்தது, அந்த மேசையிலும் ஒரு கோப்பையை வைத்தார்கள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கரண்டியை வைத்துவிட்டு எழும்பினேன்.

மல்லித்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய கதவைத் தட்டினேன். சத்தமில்லை. பூட்டவில்லை, திறந்தேன். கட்டிலில் சுருண்டு கிடந்தார். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது.

"தடிமன்தான். கதவைச் சாத்திப் போட்டுப் போ" என்றார்.

போத்தலைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். "என்ன மணக்குது?"

"என்ன, சுடுதண்ணியோ?"

"ஃபிராவ் லூதி, இதுதான் அது. நீங்கள் நாறுது எண்டு சொன்னது. காலமை ரெண்டு மடங்கு அவிச்சனான்."

அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்திரிகை வாசிக்கிறவர், விளங்கிவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சொல்லிப் போடாதை. தெரியாத ஊரிலை என்னைத் தனிய இறக்கிவிட்டிடுவாங்கள்." அவருடைய மனுஷன் தை மாதம்தான் செத்துப்போனாராம். இரண்டு பேருமாகப் போவதற்கென்று அவர் பதிந்து வைத்த பயணமாம். அவர் ஆசைப்பட்டதாயிற்றே என்று தனியாக வந்தாராம். சொல்லிவிட்டு இருமினார். அவர் முகத்தில் மாஸ்க் இல்லை. என்னுடையது எப்போதோ நாடிக்கு இறங்கியிருந்தது. என் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற இவர், "சரோ, வெளியாலை வாரும்" என்றார்.

நான் வெளியே போகவில்லை. போயிருந்தால் செவ்வாய்க்கிழமை மிஞ்சியிருக்கும். கட்டிலின் தலைமாட்டில் டெலிபோன் இருந்தது. அதை எடுக்கும்போது மாலதியை நினைத்தேன். கொழும்பில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கை காட்டிய அந்த முகம்தான் வந்தது. இப்போதைய முகத்தை நான் டெலிபோனில்தானே பார்த்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் வரவேற்பறைக்குச் சொன்னேன்.

ஒரு ஜெர்மன் ஊரில் கப்பலை மறித்தார்கள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் ஏறினார்கள். லூதியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது அவர் என் பக்கம் திரும்பி, "அந்தக் குதிரை மருந்தைத் தா" என்றார். போத்தலைக் கொடுத்துவிட்டேன். மேல்தட்டிலிருந்து நீலக் கோட்டுப் பெரியவர், "இவர்கள் வந்து ஏறும்போதே நினைத்தேன்" என்று கத்தினார். என் வீட்டுக்காரர் கையால் வாங்கிக் குடித்த மனுஷன்.

அன்று இவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "செய்தது செய்தாச்சு" என்றார். "ஆனால் இனி மல்லியை என்ரை கண்ணிலை காட்டாதையும்."

6

கப்பல் எங்கும் நில்லாமல் பாசலுக்குத் திரும்பியது. லூதியோடு கிட்ட இருந்ததால் எனக்கும் இவருக்கும் வீட்டுக்குள் பத்து நாள் தனிமை என்று கன்டோன், அதாவது மாகாண அரசு, உத்தரவு போட்டது. பரிசோதனையில் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. மல்லித்தண்ணியோ முருகனோ, யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒன்றுமில்லை என்றாலும் பத்து நாள் பத்து நாள்தான். செவ்வாய்க்கிழமை அதற்குள் வந்துவிட்டது.

கெமைண்டவுக்குப் போன் பண்ணினேன். அதே உத்தியோகத்தர்.

"நேரில்தான் வரவேண்டும்" என்றான்.

"வெளியே வந்தால் தண்டம் என்று கன்டோன் சொல்கிறதே."

"அப்படியென்றால் வரக் கூடாது."

"வேறு கிட்டின திகதி?"

"உங்கள் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போகும். தொற்றுக் காலத்தில் உங்களை நாங்கள் பயணம் போகச் சொல்லவில்லையே."

"ஆக்களோடு பழகச் சொன்னது நீங்கள்தானே!"

"அது வேறு" என்றான். எது வேறு? நான் இன்றுவரை யோசிக்கிறேன். அபிக்குச் சொன்னபோது, "அம்மா, உங்களை ஆர் கேபினுக்குள்ளை போகச் சொன்னது? ரிசெப்ஷனுக்குப் போயிருக்கலாம்தானே" என்றாள். அவள் சொன்னதும் சரி. எல்லோரும் சரி. எனக்குத்தான் விசர் பிடித்தது.

ஒரு கிழமை கழித்து டெலிபோன் அடித்தது. "குதிரை மருந்துக்காரியோ?" என்றது ஒரு குரல். கோயில் அன்னதானத்தில் பாத்திரங்கள் மாறிப்போகும் என்று எங்கள் சனம் எல்லாவற்றிலும் பெயர் எழுதி ஒட்டுமே, அந்தப் போத்தலின் அடியிலும் என் பெயரும் டெலிபோன் நம்பரும் இருந்திருக்கிறது. லூதி பிழைத்துவிட்டார். மணம் மட்டும் திரும்பவில்லை. "கோப்பி மணக்கேல்லை. மாட்டுக் கொட்டில் மணக்கேல்லை. மனுஷன்ரை கோட்டை எடுத்து மணந்து பார்த்தன், அதுவும் இல்லை" என்றார். "இஞ்சை வாங்கோ, திரும்ப அவிச்சுத் தாறன்" என்றேன். தடைகள் தளர்ந்ததும் வந்தார். பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு ரயிலேறி வரத் தொடங்கினார். நான் அவித்துக் கொடுப்பேன், அவர் மூக்கை வைத்து இழுப்பார், "சுடுதண்ணி" என்பார், குடிப்பார். பிறகு என் வீட்டுத் திரைச்சீலை, என் ஜெர்மன், இவருடைய பூப்போட்ட சேர்ட் எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பார்.

இரண்டாவது நேர்முகம் ஒன்றரை வருஷம் கழித்து நடந்தது. அதே மூன்று பேர். "இப்போது உள்ளூரில் யாரோடு பழகுகிறீர்கள்?"

லூதியைச் சொன்னேன்.

"அவர் எந்தக் கெமைண்ட?"

எமென்டால் என்றேன். அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டார். "அது வேறு கன்டோன் அல்லவா. நாங்கள் கேட்பது இந்த ஊரை."

அத்தனை வருஷத்து அடக்கமும் அந்த இடத்தில் அறுந்தது. "தள்ளி நில் என்றீர்கள், பழகு என்றீர்கள்" என்றேன். "பழகினேன். பழகினதால்தான் உங்கள் திகதி தவறிப்போனது. கன்டோன் எல்லையைப் பார்த்தா காய்ச்சல் வருகிறது? இந்த ஊரில் யாரோடும் எனக்குக் கதை இல்லையா? இருக்கிறது. மேல்மாடிக்காரியோடு சலவை அறைச் சாவிக்கு மூன்று மாதமாகச் சண்டை. போன கிழமைகூடக் கத்திவிட்டு வந்தேன். அதை எழுதுங்கள்!" என்னுடைய ஜெர்மன் தாறுமாறாக வந்தது. வினைச்சொல் எங்கே நின்றதோ கடவுளுக்குத்தான் தெரியும்.

மூலையில் இருந்த கிழவர், இரண்டு தடவையும் வாயே திறக்காதவர், முதல் முறையாகச் சிரித்தார். "சலவை அறைச் சாவியா? என் மனைவிக்கும் அதே சண்டைதான்" என்றார்.

சம்மதம் என்று பதில் வந்தது. நல்ல பிள்ளையாக இருந்ததற்குக் கிடைக்காதது சண்டைக்குக் கிடைத்தது. பிறகு கன்டோன், பிறகு பேர்ண், பிறகு இன்னொரு காத்திருப்பு. அதற்குள் மாலதியின் புருஷன் காலமாகிவிட்டார். செத்தவீட்டுக்குப் போகவும் எனக்கு வழியில்லை. முப்பத்தோராம் நாள் முடித்துவிட்டு அவளே இங்கே வந்தாள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு, ஒரு விசாவும் இல்லாமல். ஒரு கிழமை இருந்து, இரண்டு பேரும் அழுது முடித்து, போய்விட்டாள். அதற்கும் பிறகுதான் என் சிவப்புப் புத்தகம் வந்தது. இப்போது லண்டன்காரர் அந்தச் சிவப்புப் புத்தகத்துக்கும் டெலிபோனில் ஒரு அனுமதி எடுக்கச் சொல்கிறார்களாம். சிரிப்பதா?

7

பாஸ்போர்ட் வந்த கிழமை லூதி அதைப் பார்க்கவென்றே வந்தார். மாசிக் குளிர். நான் வழக்கம்போல யன்னலைச் சாத்தி, கதவடியில் துவாயை வைத்துவிட்டு, மல்லியை அவித்துக்கொண்டிருந்தேன். அவர் குசினி மேசையில் இருந்து என் படத்தைப் பார்த்தார்.

"கள்ளியைப் போல நிக்கிறாய். இதுக்கோ இவ்வளவு கரைச்சல் பட்டனீ?"

"இதுக்குத்தான்."

"இனியாவது ஒழுங்காக் கோப்பி போடப் பழகு" என்றவர், சொல்லவந்த அடுத்த சொல்லைச் சொல்லாமல் நிறுத்தினார். தலையைத் தூக்கினார். மூக்குச் சுருங்கியது. அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அடுப்பைப் பார்த்தார்.

"சரோ" என்றார். "என்ன இது, இப்பிடி நாறுது?"

இந்த வசனத்துக்குப் பயந்துதான் முப்பது வருஷம் யன்னல் சாத்தினேன். நான் அவர் பக்கம் திரும்பினேன். "என்ன? திரும்பச் சொல்லுங்கோ" என்றேன்.

"நாறுது எண்டு சொன்னன். காதும் கேக்காதோ? கடவுளே, என்ன நாத்தம்!" கத்திக்கொண்டே அழுதார். எழும்பி வந்து கேத்திலுக்கு மேல் முகத்தைப் பிடித்து இழுத்து இழுத்து மணந்தார், இருமினார், மறுபடியும் மணந்தார். எழும்பின வேகத்தில் பாஸ்போர்ட் மேசைக்கு அடியில் எங்கேயோ போய் விழுந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு இவர் ஓடிவந்தார். "என்ன, ஆருக்கு என்ன?"

நான் வாசலுக்குப் போனேன். கதவடியில் கிடந்த துவாயைக் காலால் ஒதுக்கிவிட்டு, கதவை அகலத் திறந்தேன்.

"விசரோ உமக்கு?" என்றார் இவர். "மேல்மாடிக்காரி இப்ப இறங்கி வரப்போறா."

"வரட்டும்" என்றேன். "அவவுக்கும் ஒரு கப் ஊத்தி வையுங்கோ."